சரோஜாதேவி இறந்ததற்கு அம்மா சாப்பிடாமல் கிடந்தால் அது பைத்தியக்காரத்தனமா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் பெங்களூர் அல்சூரில் அம்மாவோடு இருக்கிறார். அம்மாவுக்கு 68 வயது. 2025 ஜூலையில் சரோஜாதேவி இறந்தபோது அவர் ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. 2021-ல் கன்னட நடிகர் புனித் ராஜ்குமாருக்கும், 2023-ல் ‘எதிர்நீச்சல்’ சீரியலில் நடித்த மாரிமுத்துவுக்கும் இதே கதைதான். நேரில் ஒருமுறைகூடப் பார்க்காத ஆட்களுக்காக இப்படி அழுவது இயல்பா, டாக்டரிடம் காட்ட வேண்டுமா என்று மகன் கேட்கிறார். கூடவே, நடிகர் செத்தால் இந்த ஊர் ஏன் இப்படி ஆகிவிடுகிறது என்றும், புனித்தின் சமாதி இருக்கிற கண்டீரவா ஸ்டுடியோவுக்குக் கூட்டிப் போகச் சொல்லி அம்மா நச்சரிக்கிறார், போகலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

இயல்புதான். டாக்டர் வேண்டாம். எப்போது வேண்டும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இதைச் சொல்ல நான் யார்? இந்த ஊரில் கண்தானப் பிரிவு ஒன்றில் பல வருஷம் வேலை பார்த்தவன். ஆள் இறந்த வீட்டுக்குப் போய், அழுதுகொண்டிருக்கிறவர்களிடம் பக்குவமாகப் பேசி, கண்ணை எடுக்க ஒப்புதல் வாங்கும் வேலை. துக்கம் ஒரு வீட்டுக்குள் என்னென்ன வேஷம் போடும் என்று பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அழாதவர் கல்நெஞ்சுக்காரர் என்றும் இல்லை, ரொம்ப அழுகிறவர் நடிக்கிறார் என்றும் இல்லை. அதோடு சினிமாப் பைத்தியமும் எனக்குக் கொஞ்சம் உண்டு.

முதலில் உங்கள் அம்மாவின் கணக்கைப் பார்ப்போம். 68 வயது என்றால் 1957 வாக்கில் பிறந்திருப்பார். சரோஜாதேவி ‘நாடோடி மன்ன’னில் எம்.ஜி.ஆரோடு வந்தது 1958. ‘கல்யாண பரிசு’ அடுத்த வருஷம். ‘எங்க வீட்டுப் பிள்ளை’ 1965. ‘அன்பே வா’ வந்த 1966-ல் உங்கள் அம்மா எட்டு ஒன்பது வயதுச் சிறுமி. எம்.ஜி.ஆரோடு மட்டும் 26 படம். அம்மாவுடைய சின்ன வயசு முழுக்க அந்த முகம் இருந்திருக்கிறது.

இதில் பெங்களூர்த் தமிழர்களுக்கு மட்டும் புரிகிற ஒரு விஷயம் உண்டு. தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அவர் ‘கன்னடத்துப் பைங்கிளி’. அந்தக் கொஞ்சல் தமிழ் அவர்களுக்கு வெளியூர் அழகு. நமக்கு அப்படி இல்லை. கன்னட வாடை அடிக்கிற அந்தத் தமிழ் நம் பக்கத்து வீட்டுத் தமிழ். வெளியே கன்னடம், வீட்டில் தமிழ் என்று வளர்ந்த பிள்ளைகளுக்கு, தமிழ்த் திரையில் கொடிகட்டிப் பறந்த நாயகி நம் ஊர்க்காரி, மல்லேஸ்வரத்தில் வீடு வைத்திருக்கிறவர் என்பது சின்னப் பெருமை இல்லை. 2025 ஜூலை 14 அன்று, 87 வயதில், அதே மல்லேஸ்வரம் வீட்டில்தான் இறந்தார். உங்கள் அம்மா அழுதது ஒரு நடிகைக்காக மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நேரில் பார்க்காத ஆள் என்கிறீர்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் அம்மா அந்த முகங்களைப் பார்த்திருப்பார் என்று யோசியுங்கள். ஊரில் இருக்கிற சித்தப்பாவைவிட அதிகம். டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1956-லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார்கள். ரேடியோவும் டிவியும் ஒரு பக்க நெருக்கத்தை உண்டாக்குகின்றன, பார்க்கிறவருக்கு அது உண்மையான பழக்கம் போலவே ஆகிவிடுகிறது என்பது அவர்கள் சொன்னது. திரையில் இருக்கிறவருக்கு நம்மைத் தெரியாது என்பது நம் மூளைக்குத் தெரியும். மனசு அதைக் கண்டுகொள்வதில்லை.

கென்னத் டோகா என்றொருவர் 1989-ல் இன்னொன்று சொன்னார். ஊர் அங்கீகரிக்காத துக்கம் என்று ஒன்று உண்டு. மனைவி இறந்தால் லீவு கொடுப்பார்கள், வந்து கையைப் பிடித்துக்கொள்வார்கள். வளர்த்த நாய் செத்தால், பழைய காதலி செத்தால், பிடித்த நடிகர் செத்தால் யாரும் வரமாட்டார்கள். துக்கம் அதேதான், ஆனால் அதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்பதால் உள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டியதாகிறது. “அவன் உனக்கு என்ன சொந்தமா பந்தமா?” என்று நம் வீடுகளில் கேட்கிறோமே, அதுதான் இது. நீங்களும் கேட்டிருப்பீர்கள். இனிமேல் கேட்காதீர்கள், அவ்வளவுதான்.

ஆய்வாளர்களுக்கெல்லாம் முன்னாலேயே நம் பாட்டிகளுக்கு இது தெரியும். ஒப்பாரி வைக்கிற இடத்தில் உட்கார்ந்து கவனித்திருக்கிறீர்களா? இறந்தவருக்குத் தூரத்து உறவான ஒருத்தி வந்து கட்டிப்பிடித்து அழ ஆரம்பிப்பாள். நாலு வரி இறந்தவரைப் பற்றி இருக்கும். ஐந்தாவது வரியில் அவளுடைய அண்ணன் வந்துவிடுவான், பத்து வருஷம் முன்னால் போன மகள் வந்துவிடுவாள், குடிகாரப் புருஷன் வந்துவிடுவான். யாரும் தடுப்பதில்லை. பிறர் வீட்டுச் சாவில் தன் சாவை அழுதுவிட்டுப் போவதற்கு நம் ஊரில் அனுமதி இருந்தது. அபார்ட்மென்ட் வாழ்க்கையில் அந்த இடம் போய்விட்டது. பதினோரு மணிக்கு வந்து, மாலை போட்டு, மின் மயானத்துக்கு டோக்கன் நேரம் பார்த்துக் கிளம்பிவிடுகிறோம். அப்பா தவறி மூன்று வருஷம் ஆகிறது என்று உங்கள் கேள்வியில் ஒரு வரி வந்துபோகிறது. அம்மா அப்போது எவ்வளவு அழுதார், யார் அழவிட்டார்கள் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். டிவியில் ஒரு நடிகையின் இறுதி ஊர்வலம் ஓடும்போதுதான் அவருக்குக் கூச்சமில்லாமல் அழ ஒரு சாக்கு கிடைக்கிறது என்றால், அதைப் பிடுங்க வேண்டாம்.

சீரியல் நடிகர் விஷயம் கொஞ்சம் வேறு மாதிரி. சினிமாக்காரர் வருஷத்துக்கு ஒருமுறை வருகிற விருந்தாளி என்றால் சீரியல்காரர் தினமும் ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்கு வருகிறவர். மாரிமுத்து நடித்தது கொடுமைக்காரப் பாத்திரம். வீட்டுப் பெண்களை அடக்கி வைக்கிற ஆதி குணசேகரன். “ஏய், இந்தாம்மா” என்று அவர் அதட்டுவதைத் திட்டிக்கொண்டே பார்த்தவர்கள்தான், 2023 செப்டம்பர் 8 அன்று டப்பிங் பேசப் போன இடத்தில் அவருக்கு மாரடைப்பு என்று கேட்டதும் உறைந்துபோனார்கள். வில்லனுக்கு யாராவது அழுவார்களா என்றால், அழுவார்கள். தினமும் திட்டுவதற்கு வருகிற ஆளும் வீட்டு ஆள்தான்.

அதற்குப் பிறகு நடப்பதுதான் எனக்கு எப்போதுமே விநோதமாகப் படும். ஏற்கெனவே எடுத்து வைத்த காட்சிகளில் இறந்தவர் சில நாள் உயிரோடு வருவார். அப்புறம் ஒருநாள் ‘இவருக்குப் பதில் இவர்’ என்று எழுத்துப் போட்டு வேறொருவர் அதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். குணசேகரனாக வேல ராமமூர்த்தி வந்தார். ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ முல்லையாக நடித்த சித்ரா 2020 டிசம்பரில் இறந்த பிறகு காவ்யா அறிவுமணி வந்தார். அவர்களைக் குறை சொல்லவில்லை, பிழைப்பு நடக்க வேண்டும். ஆனால் அம்மா பக்கமிருந்து பாருங்கள். ஆள் செத்துவிட்டார், பாத்திரம் சாகவில்லை, கதையில் யாரும் அழவில்லை. காரியம் நடக்காத சாவு அது. புது ஆளைப் பார்த்து “இவரு செட் ஆகலை” என்று ஒரு மாதம் புலம்புகிறார் என்றால் அது நடிப்பைப் பற்றிய விமர்சனம் மட்டும் இல்லை.

சரி, ஊர் கதைக்கு வருகிறேன். இதுதான் எனக்கு நிறையப் பேச வேண்டிய இடம்.

2006 ஏப்ரல் 12, புதன்கிழமை மதியம். புனித்தின் அப்பா, கன்னட சினிமாவின் பெரிய நட்சத்திரம் ராஜ்குமார் சதாசிவநகரில் இறந்தார். 77-வது பிறந்தநாளுக்குப் பன்னிரண்டு நாள்தான் பாக்கி. யாரும் எதிர்பார்க்கவில்லை, அரசாங்கமும் எதிர்பார்க்கவில்லை. எங்கே வைப்பது, எப்போது அடக்கம், யார் எந்த வழியாக வந்து பார்ப்பது என்று எதுவும் தெளிவாக இல்லை. ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று வந்த ஜனத்துக்கு வரிசையும் இல்லை, வாசலும் இல்லை. மறுநாளே கண்டீரவா ஸ்டுடியோவில் அடக்கம். அதற்குள் கல்லெறி, பஸ் எரிப்பு, தடியடி, கண்ணீர்ப்புகை, துப்பாக்கிச் சூடு எல்லாம் நடந்து முடிந்தது. ஒரு போலீஸ்காரர் உட்பட எட்டுப் பேர் செத்தார்கள். ஐடி கம்பெனிகள் கதவைச் சாத்தின. ‘கன்னட ரசிகர்களே முரடர்கள்’ என்று அன்றைக்கு வடக்கே உட்கார்ந்து எழுதியவர்கள் உண்டு. 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். இறந்தபோது சென்னையில் நடந்தது அவர்களுக்கு மறந்துவிட்டது போல.

நம் ஆட்களுக்கு அந்த இரண்டு நாள் இன்னொரு கணக்கும் இருந்தது. 1991 டிசம்பரில் காவிரிப் பிரச்சினையில் இங்கே தமிழர்கள் பட்டது வயதானவர்களுக்கு மறக்கவில்லை. 2000 ஜூலை 30 அன்று வீரப்பன் ராஜ்குமாரைக் கடத்தியது தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கிற தாளவாடிப் பக்கத்து கஜனூர் வீட்டிலிருந்து. அது அவர் பிறந்த ஊர். 108 நாள் கழித்து அவர் திரும்பி வரும்வரை, அல்சூரிலும் ஸ்ரீராம்புரத்திலும் ‘அவருக்கு ஏதாவது ஒன்று ஆனால் நம் கதி என்ன’ என்று பயப்படாத தமிழ்க் குடும்பம் இருந்திருக்காது. வீரப்பன் வைத்த கோரிக்கைகளில் ஒன்று பெங்களூரில் மூடிக் கிடந்த திருவள்ளுவர் சிலையைத் திறப்பது. உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் அல்சூர் ஏரிக்கரையில் நிற்கிறதே, அதே சிலைதான். திறந்தது 2009 ஆகஸ்ட் 9 அன்று. அந்தப் பின்னணியில் 2006-ஐப் பாருங்கள். ராஜ்குமார் படங்களை விரும்பிப் பார்த்த தமிழர்கள் இங்கே எக்கச்சக்கம். அன்றைக்கு அவர்கள் ஷட்டரை இறக்கிவிட்டு, டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, வீட்டுக்குள் உட்கார்ந்து அழுதார்கள். துக்கமும் பயமும் ஒன்றாக இருந்தால் அழுகைகூட முழுசாக வராது.

பதினைந்து வருஷம் கழித்து அதே வீட்டின் கடைசிப் பிள்ளை. 2021 அக்டோபர் 29, வெள்ளிக்கிழமை. புனித்துக்கு வயது 46. காலையில் உடம்பு சரியில்லை என்று போனவர் மதியத்துக்குள் இல்லை. அதிர்ச்சி என்று பார்த்தால் அப்பாவின் சாவைவிட இதுதான் பெரியது, வயசு அப்படி. 2006 திரும்ப வரும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். வரவில்லை.

ஏன் வரவில்லை என்று கேட்டால் போலீஸ் பந்தோபஸ்து என்று ஒரு வார்த்தையில் முடிக்கிறார்கள். அது பாதிதான் உண்மை. மதுக்கடைகளை மூடினார்கள், சரி. உடலை உடனே கண்டீரவா ஸ்டேடியத்துக்குக் கொண்டுவந்து, யார் வேண்டுமானாலும் வரிசையில் வந்து பார்க்கலாம் என்று விட்டார்கள். அமெரிக்காவில் இருந்து மகள் வந்து சேரட்டும் என்று அடக்கத்தை ஞாயிறு விடியற்காலைக்குத் தள்ளினார்கள். அதனால் ராத்திரி பகலாகப் பார்க்க நேரம் கிடைத்தது. ராத்திரி ரெண்டு மணிக்கும் வரிசை நகர்ந்தது. வெளியூரிலிருந்து பஸ் ஏறி வந்தவனுக்கும் முகம் பார்க்கக் கிடைத்தது. வரிசையில் நிற்பது ஒரு வேலை. காலை மாற்றி மாற்றி நிற்கிறோம், முன்னால் இருக்கிறவனோடு பேசுகிறோம், தண்ணீர் பாக்கெட் கைமாறுகிறது, கடைசியில் ஒரு விநாடி கும்பிட்டுவிட்டு வெளியே வருகிறோம். அந்த வேலையைக் கொடுக்காமல் தடுப்புக் கம்பிக்கு வெளியே நிறுத்தினால் அதே ஆள் கல்லைத்தான் எடுப்பான். 2006-க்கும் 2021-க்கும் என் கண்ணில் படுகிற பெரிய வித்தியாசம் இதுதான்.

அப்புறமும் வேலை கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். நவம்பர் 9 அன்று அரண்மனை மைதானத்தில் குடும்பத்தாரே ரசிகர்களை உட்கார வைத்துச் சாப்பாடு போட்டார்கள். சாவு வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டால் காரியம் முடிந்தது என்பது நம் ஆட்களுக்கு ரத்தத்தில் ஊறியது. தெரிந்து செய்தார்களோ, தெரியாமல் செய்தார்களோ, அதைவிடச் சரியான வைத்தியம் கிடையாது.

எல்லாம் நல்லபடியாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். செய்தி கேட்ட அதிர்ச்சியில் இறந்தவர்கள் உண்டு, உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. வேண்டாம், உங்கள் குடும்பத்தைப் பாருங்கள் என்று அண்ணன் சிவராஜ்குமார் வெளிப்படையாகக் கெஞ்ச வேண்டியிருந்தது. உடற்பயிற்சி செய்கிற ஆளுக்கே இப்படி என்றால் நமக்கு என்ன என்ற பயத்தில் ஜெயதேவா இருதய மருத்துவமனை முன்னால் கூட்டம் அலைமோதியது. அதில் கொஞ்சம் பேருக்கு நிஜமாகவே நோய் கண்டுபிடித்திருப்பார்கள் என்பதால் அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

தமிழ்த் தெருக்களில் இந்தமுறை பயம் இல்லை. சிவாஜிநகர், அல்சூர் ஆட்டோக்களில் அப்பு (புனித்தை ரசிகர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள்) படம் ஒட்டிக்கொண்டது. நம் தெருமுனைகளிலும் ‘மத்தே ஹுட்டி பா’ (மறுபடி பிறந்து வா) என்று கன்னடத்தில் ஒரு ஃப்ளெக்ஸ், பக்கத்திலேயே தமிழில் ‘கண்ணீர் அஞ்சலி’. (நடைபாதையை மறித்து வைக்கிற ஃப்ளெக்ஸ் எனக்குப் பிடிக்காது. அது வேறு கதை.) புனித் பிறந்தது சென்னையில், 1975-ல். கன்னட சினிமா அப்போது பெரும்பாலும் அங்கேதான் எடுக்கப்பட்டது. சூர்யா சமாதிக்கு வந்து அழுததை டிவியில் எல்லோரும் பார்த்தார்கள்.

இடம் என்று ஒன்று இருப்பதும் முக்கியம். கன்னட நடிகர் விஷ்ணுவர்தன் 2009 டிசம்பர் 30 அன்று மைசூரில் இறந்தார். கெங்கேரிப் பக்கம் அபிமான் ஸ்டுடியோவில் தகனம். அங்கே நினைவிடம் கட்டுவதில் நிலத் தகராறு. கடைசியில் 2023-ல் மைசூரில் நினைவிடம் திறந்தார்கள். தகனம் நடந்த இடத்தில் இருந்த சின்ன சமாதியையும் 2025 ஆகஸ்டில் இடித்துவிட்டார்கள். இறந்து பதினைந்து வருஷம் தாண்டியும் ரசிகர்கள் அங்கே வந்து கதறியதைப் பார்த்து ‘இன்னுமா’ என்று கேட்டவர்கள், அந்த மக்களுக்குப் போய்க் கும்பிட ஓர் இடம் ஒழுங்காகக் கிடைக்கவே இல்லை என்பதை யோசிக்கவில்லை. இன்னொரு கன்னட நடிகர் சங்கர் நாக் கதை இதற்கு நேர் எதிர். 1990 செப்டம்பர் 30 அன்று தாவணகெரே அருகே கார் விபத்தில், 35 வயதில் போனார். அவருக்கென்று ஆட்டோக்காரர்கள் ஆட்டோவையே நினைவிடம் ஆக்கிக்கொண்டார்கள். 1980-ல் வந்த ‘ஆட்டோ ராஜா’வில் அவர் ஆட்டோ ஓட்டியது காரணம். அந்தப் படம் வரும்போது பிறக்காத பையன்கள்கூட இன்றைக்கு அவர் படம் ஒட்டிய வண்டி ஓட்டுகிறார்கள்.

இனி என் தொழில் பக்கம். ராஜ்குமார் பேரில் கண் வங்கி ஒன்றை 1994-ல் நாராயணா நேத்ராலயா தொடங்கியபோது, குடும்பத்தோடு கண்தானம் செய்வதாக அவர் வாக்குக் கொடுத்தார். 2006-ல் ஊரே எரிந்துகொண்டிருந்தபோதும் அவர் கண்கள் எடுக்கப்பட்டன. 2017-ல் அவர் மனைவி பர்வதம்மா. 2021-ல் புனித். புனித்தின் இரண்டு கருவிழிகளையும் மேல் அடுக்கு, கீழ் அடுக்கு என்று பிரித்து நான்கு பேருக்குப் பொருத்தினார்கள். சாதாரணமாக இரண்டு பேருக்குத்தான் பார்வை கிடைக்கும். அந்தச் செய்தி வந்ததும் கண்தானப் படிவம் கேட்டு ஜனம் குவிந்தது. அதற்குச் சில மாதம் முன்பு, ஜூனில், சஞ்சாரி விஜய் என்ற தேசிய விருது வாங்கிய நடிகர் பைக் விபத்தில் மூளைச்சாவு அடைந்தபோது அவர் குடும்பம் உறுப்புகளைத் தானம் செய்தது. சரோஜாதேவியின் கண்களும் அப்படியே.

உங்கள் அம்மாவுக்கு இது உபயோகப்படும் என்று நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் விவரம். வயசு தடையில்லை, சரோஜாதேவிக்கு 87. கண்ணாடி போட்டவர், சர்க்கரை நோயாளி, கண்புரை ஆபரேஷன் செய்தவர் எல்லோரும் கொடுக்கலாம். இறந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். நாங்கள் வீட்டுக்கே வருவோம், இருபது நிமிஷ வேலை, முகம் விகாரமாகாது. வரும்வரை இமைகளை மூடி ஈரப்பஞ்சு வைத்து, ஃபேனை நிறுத்தி, தலையைக் கொஞ்சம் உயர்த்தி வைத்தால் போதும். படிவத்தில் கையெழுத்துப் போட்டாலும், அந்த நேரத்தில் குடும்பத்தார் சம்மதம் தராவிட்டால் எடுக்க முடியாது. அதனால் அம்மா படிவம் எழுதினால் நீங்கள் பக்கத்தில் இருங்கள். ‘அப்பு கொடுத்தாரே’ என்று ஒரு வார்த்தை சொல்லிச் சம்மதித்த வீடுகள் எனக்குத் தெரியும். எங்கள் துண்டுப் பிரசுரமெல்லாம் செய்யாத வேலையை அந்த ஒரு வார்த்தை செய்தது.

வீட்டில் என்ன செய்யலாம்? பழைய படம் பார்க்கிறேன் என்றால் பார்க்கட்டும், முடிந்தால் கூட உட்காருங்கள், எந்தத் தியேட்டரில் யாரோடு பார்த்தார் என்று கேளுங்கள். நடிகையில் ஆரம்பித்துப் பேச்சு உங்கள் தாத்தா வரைக்கும் போகும். யூடியூப்பை மட்டும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ‘சற்றுமுன்’ என்று அழுகிற முகத்தைப் போட்டு, உயிரோடு இருக்கிறவரைச் சாகடிக்கிற கும்பல் அங்கே இருக்கிறது. தர்மேந்திரா 2025 நவம்பர் 24 அன்று இறந்தார். அதற்கு இரண்டு வாரம் முன்னாலேயே அவர் இறந்துவிட்டதாகப் பெரிய சேனல்களே சொல்லி, ஹேமமாலினி கோபமாக மறுக்க வேண்டியதாயிற்று. சாவு வீட்டு வாசலில் மைக்கை நீட்டுகிறவர்களின் காட்சிகளையும் திரும்பத் திரும்பப் பார்க்கவிடாதீர்கள்.

இறந்தது தற்கொலை என்றால் இன்னும் கவனம் வேண்டும். விலாவாரியாகக் காட்டப்படும் தற்கொலைச் செய்தி, ஏற்கெனவே மனம் உடைந்திருப்பவர்களைத் தூண்டும் என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்ப உறுதியானது. பிரஸ் கவுன்சில் 2019-லேயே இதற்கு விதிமுறை கொடுத்திருக்கிறது, பின்பற்றுகிறவர்கள் குறைவு. அந்த மாதிரிச் செய்தி ஓடும்போது டிவியை அணைத்துவிடுவதே நல்லது.

டாக்டர் எப்போது வேண்டும்? ரெண்டு நாள் சாப்பாடு இறங்காதது ஒன்றுமில்லை. ரெண்டு மூன்று வாரம் தாண்டியும் தூக்கம் இல்லை, சாப்பாடு இல்லை, குளிக்கப் பிடிக்கவில்லை, கோயிலுக்கோ பக்கத்து வீட்டுக்கோ போவதை நிறுத்திவிட்டார் என்றால் பேச வேண்டும். “நானும் போயிட்டா நல்லது” என்று ஒருமுறை சொன்னாலும் அன்றைக்கே பேச வேண்டும், வாரக்கணக்கு பார்க்க வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண் இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். அதன் தலைமை மையமே நம் ஓசூர் ரோடு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைதான். அப்படி ஆனால் அது பெரும்பாலும் நடிகரைப் பற்றியதாக இருக்காது. அப்பாவைப் பற்றியதாக இருக்கும்.

கடைசியாக, கண்டீரவா ஸ்டுடியோ. தாராளமாகக் கூட்டிப் போங்கள். அல்சூரில் ஊதா வழித்தட மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் பச்சைக்கு மாறி, கொரகுண்டேபாளையாவில் இறங்கினால் அங்கிருந்து ஆட்டோ. ராஜ்குமார், பர்வதம்மா, புனித் மூவரின் சமாதியும் ஒரே வளாகத்தில். நடிகர் அம்பரீஷ் நினைவிடமும் அங்கேதான். மார்ச் 17 புனித் பிறந்தநாள், அக்டோபர் 29 அவர் நினைவுநாள், இந்த இரண்டு நாளும் 68 வயதுக்காரருக்குச் சரிப்படாது, நெரிசல் தாங்காது. சாதாரண வார நாளில் காலை பத்து மணிக்குள் போய்விடுங்கள். பூ வாங்கிக்கொள்ளுங்கள். அம்மா எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்கிறாரோ நிற்கட்டும், போனில் மணி பார்க்காதீர்கள். சரோஜாதேவியைத்தான் பார்க்க வேண்டும் என்றால் அது பெங்களூரில் இல்லை, சென்னபட்டணம் பக்கம் அவருடைய சொந்த ஊரான தசவாரா. மைசூர் ரோட்டில் போக வேண்டும், அதற்குத் தனியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கிக்கொள்ளுங்கள்.